இரண்டு குழாயில் ஒன்றுதான் சுட்டது

என் கணவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்த வருடம் நாங்கள் ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். பதிவுப் புத்தகத்தில் வெள்ளை என்று இருந்தது. பார்வைக்குப் பழந்தயிர் நிறம். பதினாறு வருடம் ஓடிய வண்டி. சேலம் டவுனில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தார். வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு என்று மட்டுமே அதை ஓட்டியிருந்தார். மலையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்குமே தவிர, ஏறியிருக்காது.

எங்களுக்கோ மலை ஏறத்தான் அது வேண்டியிருந்தது. நான் கணக்கு டீச்சர். வீடு அயோத்தியாப்பட்டணத்தில். குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறுகிற பாதையில், மலைமேல் ஒரு சிற்றூரில் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு எனக்கு மாற்றல் வந்திருந்தது. பஸ் இருந்தது. ஆனால் என் பள்ளி மணிக்கும் பஸ் வருகிற மணிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வருடம் எப்படியோ சமாளித்தேன். அப்புறம் அவர் வந்தார்.

அவர் ரிக் வண்டியில் இருந்தவர். ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். கல்யாணமான மூன்றாம் மாதம் வண்டியோடு வடக்கே போனார். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், மழைக்காலத்தில் வேலை நிற்கிற இரண்டு மாதம் மட்டும் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் போன்தான். அவர் குரலுக்குப் பின்னால் எப்போதும் கம்ப்ரசரின் இரைச்சல் கேட்கும். எப்போதாவது இரைச்சல் இல்லாமல் பேசினால் வேறு யாரோ பேசுவது போல் இருக்கும் எனக்கு. எங்கள் மகள் நடந்தது, பள்ளிக்கூடம் போனது, பெரியவளானது, ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தது, எல்லாமே அவருக்குப் போனில்தான் போய்ச் சேர்ந்தது.

திரும்பி வந்த பிறகு வீட்டில் எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்காருவார். தண்ணீர் வேண்டுமென்றால் என்னிடம் கேட்பதா, தானே எடுத்துக்கொள்வதா என்று யோசிப்பார். ஒரு வாரம் அப்படிப் போனது. ஒரு நாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வண்டி வாங்கீரலாம். உன்னைய நானே கொண்டுபோயி உட்டுப்போட்டு, பொழுதோட கூட்டியாறேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் அந்த வாரம் முழுவதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இப்படித்தான் அந்தக் காலைகள் ஆரம்பமாயின. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கிளம்புவோம். ஆத்தூர் ரோட்டிலிருந்து திரும்பியதும் ஊர்ச் சத்தம் பின்னால் தங்கிவிடும். பாக்குத் தோப்பு, மரவள்ளிக் காடு, ஈரக் களத்தில் ஒரு நாய், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பால் கேனோடு போகிற ஒருவர். சோதனைச் சாவடியைத் தாண்டினால் பாதை மேலே தூக்கும். எனக்கு அங்கேதான் கண் சொருகும். முழுத் தூக்கமில்லை. எஞ்சின் மூச்சு வாங்குவது கேட்கும், கியர் மாற்றுவது தெரியும், ஒவ்வொரு வளைவிலும் என் தலை ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் வரும். கண்ணைத் திறந்தால் சில நாள் கீழே சமவெளி முழுவதும் தெரியும். சில நாள் ஒன்றுமே இருக்காது. ஜன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஒரு மரம் வந்து நிற்கும். அதைப் பார்க்கும் முன்னே போய்விடும். நாங்கள் நகர்கிறோமா, மரங்கள்தான் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றனவா என்று புரியாத மயக்கத்திலேயே பாதி தூரம் போய்விடும்.

அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் தண்ணீரைப் பற்றிப் பேசுவார். "இந்தப் பாறைக்குக் கீழ தண்ணி இருக்குது" என்பார், ஒரு வளைவைக் காட்டி. எப்படித் தெரியும் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். எந்த மாநிலத்தில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வந்தது, வராமல் போனபோது அந்த வீட்டுப் பெண்கள் எப்படி நின்றார்கள் என்பதையெல்லாம் சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் அதையெல்லாம் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம். இருபத்திரண்டு வருடத்தில் எங்களுக்குள் நடக்காத பேச்சு, அந்த முன்சீட்டில்தான் துளித்துளியாக நடந்தது.

என்னை விட்டுவிட்டு அவர் கீழே இறங்கமாட்டார். இறங்கி ஏறுவது எஞ்சினுக்கும் கஷ்டம், பெட்ரோலும் தண்டம் என்று மாலை வரை மேலேயே இருப்பார். முதல் மாதத்திலேயே பள்ளியின் தண்ணீர் மோட்டாரைப் பிரித்துச் சரிசெய்தார். அப்புறம் குழாய்கள். அப்புறம் தலைமையாசிரியை அறையின் கதவு.

மார்கழி பிறந்தது. மேலே குளிர் என்றால் வெறும் குளிரல்ல, ஈரக் குளிர். காருக்குள் இரண்டு பேர் மூச்சுவிட்டால் போதும், முன் கண்ணாடி உட்புறமாகப் பூத்துக்கொள்ளும். நான் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன். துடைத்த இடம் மூன்று வளைவுக்குள் மறுபடி வெளுத்துவிடும். காரில் ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் நீலக் கோடு, ஒரு பக்கம் சிவப்புக் கோடு. அதைச் சிவப்புக்குத் திருகினால் வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேல் கையைக் காட்டின மாதிரி சூடு வர வேண்டும். எங்கள் காரில், தூங்குகிற பிள்ளை மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் காற்று வெதுவெதுத்தது. இறங்குகிற பாதையில் அதுவும் இல்லை.

ஒரு காலை, மேலிருந்து மூன்றாவது வளைவென்று நினைக்கிறேன், கண்ணாடி முழுதாக மூடிக்கொண்டது. நான் துணியை எடுப்பதற்குள் எதிரே இரண்டு மஞ்சள் வெளிச்சம். காப்பிக்கொட்டை மூட்டை ஏற்றின பிக்கப் வண்டி. அவர் பிரேக் போட்டு மலைப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினார். பிக்கப் எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போனது. அவ்வளவுதான். வேறொன்றும் ஆகவில்லை.

அவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுத்தார். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கையிலும் நடு மூன்று விரல்கள், இரண்டாவது கணு வரைக்கும், மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, நடுவில் கோடு போட்ட மாதிரி.

"என்னங்க இது?"

"குளுருதல்ல, அதான்" என்றார். இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, கண்ணாடி தெளியட்டும் என்பது போல எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நம்பிவிட்டேன். பிள்ளைகளுக்குக் கூட்டல் சொல்லிக்கொடுக்கிறவள், கண்ணெதிரே இருந்ததைக் கூட்டிப் பார்க்கவில்லை. எனக்குக் கவலையெல்லாம் கண்ணாடியைப் பற்றித்தான். ஹீட்டரைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்றேன்.

சனிக்கிழமை இரண்டு பட்டறைக்குப் போனோம். முதல் மெக்கானிக் நெற்றியின் வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "ஏனுங் டீச்சர், ஊரே ஏசி பத்தலைங்குது. நீங்க ஹீட்டருங்கறீங்க" என்றார். இரண்டாமவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஹீட்டருக்குப் போகிற குழாயையே வெட்டி ஒன்றோடொன்று சேர்த்துவிடலாம், நாளைக்கு ஒழுகுகிற தொல்லை இருக்காது என்றார். என் கணவர் பானெட்டை மூடினார். வண்டியில் ஏறினதும், "நாமளே பாப்பம்" என்றார்.

அரையாண்டு விடுமுறை வந்தது. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் நிழலில் காரை நிறுத்தி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தவள், கூப்பிட்டாரே என்று ஈரக் கையோடு வந்தேன்.

"இந்த முள்ளப் பாரு" என்றார். டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள். அடியிலிருந்து கொஞ்சம் எழும்பி அப்படியே நின்றிருந்தது. "இத்தன நேரம் ஓடியும் நடுவுக்கு வரல. மலையெறங்கறப்பப் பாத்தனா, சுத்தமாப் படுத்துக்குது. எஞ்சினே சூடாகலீன்னா ஹீட்டரு எங்கிருந்து சூடாகும்?"

எனக்கு அது நல்ல கணக்காகப் பட்டது. காரணத்தைக் கேட்டேன்.

"தெர்மோஸ்டாட்டுன்னு ஒரு வால்வு இருக்கும். எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு உடாமப் புடிச்சு வெக்கும். அது தெறந்தே கெடக்குது, இல்லாட்டி இல்லவே இல்ல. அப்பறம் இன்னொண்ணும் பாக்கோணும்."

எஞ்சினுக்குப் பின்னால், நாங்கள் உட்காருகிற பக்கத்துத் தகட்டுக்குள் நுழைகிற இரண்டு ரப்பர் குழாய்களைக் காட்டினார். ஒன்றில் சூடான தண்ணீர் உள்ளே போகும், ஹீட்டருக்குள் சுற்றி, இன்னொன்றில் வெளியே வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் உள்ளே அடைப்பு இல்லை. அவர் இரண்டு கையாலும் இரண்டு குழாயையும் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது" என்றார். "அடைப்பு இல்ல."

நான் சும்மாதான் கையை நீட்டினேன். அவர் செய்ததை நானும் செய்து பார்க்கலாமே என்றுதான். இடது குழாயைத் தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்தேன். நல்ல சூடு. வலது குழாய், ஆறிப்போன காப்பி டம்ளர் மாதிரி.

"இல்லீங்களே. இது சுடுது. அது சுடவே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பிடித்தார். இன்னும் அழுத்தமாக. சுட்ட குழாயை அவர் அப்படிப் பிடித்திருந்ததைப் பார்க்க முடியாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன். பிடித்த விரல்கள் சிவந்திருந்தன. விரல் நுனிகளில் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பழுத்த வேப்பிலை ஒன்று பேட்டரி மேல் விழுந்தது. நான் கையை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தேன். வாசல் திடீரென்று அமைதியாகிவிட்டது.

"எத்தனை நாளா?"

"ஆச்சு, அஞ்சாறு வருசம்."

"ஏன் சொல்லலை?"

அவர் பம்பரில் உட்கார்ந்தார். கையை விரித்து, வேறு யாருடையதையோ பார்ப்பது போல் பார்த்தார். "நாளு பூரா தொளை போடற அந்த ராடப் புடிச்சு நிக்கறதல்ல. ஆட்டம் கையிலயே ஏறிப்போச்சு. மொதல்ல ராத்திரில மரமரன்னு இருக்கும். அப்பறம் குளுருக்கு வெளுக்க ஆரம்பிச்சுது. வடக்கே பனிக்காலத்துல பொத்தான் போட முடியாது. கூட இருக்கறவங்கதான் போட்டுடுவாங்க. அதனாலதான் வேலைய உட்டு நின்னேன்."

வயசாகிவிட்டது, போதும் என்று முதலாளி சொல்லிவிட்டதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"மலையில வண்டி ஓட்டுறீங்களே. கை தெரியாமலா?"

"புடி தெரியும். சூடும் சில்லுந்தான் சரியாத் தெரியறதில்ல" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்குச் சொன்னா ஓட்ட வேண்டான்னு சொல்லிப்போடுவ. இத்தன வருசத்துல உன்னைய நான் ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போனதில்ல சாமி. இப்பத்தான் டெய்லியும் கூட்டிட்டுப் போறேன். அதையும் உட்டுப்போட்டு என்ன பண்ணுவேன்?"

அவர் என்னைச் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஊரில் சின்னப் பிள்ளையையும் அப்படிக் கூப்பிடுவார்கள், பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகளைப் போனில் அப்படித்தான் கூப்பிடுவார். உள்ளே போய் அரிசியை உலையில் போட்டேன். கொதிக்கிறவரை அடுப்படியிலேயே நின்றேன். பிறகு பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையை முடிந்துகொண்டு வெளியே வந்தேன்.

"என்ன கழட்டணும், சொல்லுங்க" என்றேன்.

அந்த இரண்டு நாட்களை இப்போது நினைத்தால் ஏதோ தண்ணீருக்கடியில் நடந்தது போல் இருக்கிறது. எல்லாம் மெதுவாக நடந்தது. எஞ்சின் முழுக்க ஆறுகிற வரைக்கும் மூடியைத் தொடக் கூடாதென்று மதியம் வரை காத்திருந்தோம். அவர் சொல்வார், என் விரல்கள் செய்யும். பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு போல்ட். போல்ட் இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது; குழாய்களுக்கு அடியில் கையை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "தட்டுப்படுதா?" என்பார். "ஏதோ வழவழன்னு இருக்கு." "அதில்ல. அதுக்குக் கீழ, ஒரு மூலை." என் விரல் நுனியில் ஆறு பக்கமுள்ள ஒரு சின்ன உலோகம் வந்து நின்றபோது, இருட்டறையில் ஸ்விட்ச் கிடைத்த மாதிரி இருந்தது.

மூடியைக் கழற்றினோம். உள்ளே வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மெக்கானிக், இந்த வெயிலுக்கு இது எதற்கு என்று எடுத்து எறிந்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பல் டாக்டரின் காருக்கு அது தேவைப்பட்டிருக்காதுதான். ரேடியேட்டரிலிருந்து வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. வெறும் போர்த் தண்ணீர், உப்பும் துருவும்.

ஹீட்டர்க் குழாய் இரண்டையும் கழற்றி, தண்ணீர் வழக்கமாக வெளியே வருகிற பக்கத்தில் தோட்டத்துக் குழாயைச் செருகினோம். எதிர்ப் பக்கமாகத் தண்ணீர் விட்டால்தான் சேறு இளகும் என்றார். நான் குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன்.

"மெதுவா, மெதுவா. உள்ள இருக்கறது வெத்தல கனம்தான். பிச்சுக்கும்" என்று பதறினார்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சொட்டுச் சொட்டாக. பிறகு செம்மண் குழம்பு மாதிரி ஒரு கட்டி வந்து விழுந்தது, அதன் பின்னால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, முக்கால் மணி நேரம் ஊறவிட்டு மறுபடி அலசினோம். மூன்றாவது தடவை தண்ணீர் தெளிந்து வந்தது. ஆழ்குழாயில் தண்ணீர் வரும்போது முதலில் சேறாக வந்து பிறகு தெளியும் என்று அவர் எவ்வளவோ முறை போனில் சொல்லியிருக்கிறார். நான் "ஓஹோ" என்றிருப்பேன். அந்த மத்தியானம்தான் அவர் முகத்தில் அதைப் பார்த்தேன். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தெளிந்துவருகிற தண்ணீரையே பார்த்திருந்தார். எத்தனை ஊர்களில், யார் யார் வாசலில் இந்த முகத்தோடு நின்றிருப்பார்! அவர்களெல்லாம் பார்த்த முகத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்று தோன்றியது. பொறாமை என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் சேலத்தில் உதிரிபாகக் கடைக்குப் போய் வால்வு கேட்டோம். கடைக்காரர் மாடிக்குப் போய்த் தேடி, தூசி படிந்த ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கினார். "இத கழட்டிப் போடறவங்களத்தான் பாத்திருக்கேன். மாட்டறதுக்குக் கேட்டு வர்றது நீங்கதாங்க" என்றார். ரப்பர் வளையமும், ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதில் ஊற்றுகிற பச்சை நிறக் கூலண்டும் வாங்கிக்கொண்டோம்.

வால்வைப் பொருத்துவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அடுப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும். அவர் பால் பாத்திரத்தை எடுத்தார். பிடுங்கிக்கொண்டு அடிபட்ட பழைய சருவம் ஒன்றைக் கொடுத்தேன். தண்ணீரில் வால்வைப் போட்டு, இருவரும் அடுப்பின் இரு பக்கமும் நின்று பார்த்தோம். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கிப் பித்தளையில் பட்டது. அடியில் சின்னச் சின்னக் குமிழிகள். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. வீட்டில் நாங்கள் இருவரும் ஒன்றாக நின்று ஒரே பொருளை அவ்வளவு நேரம் பார்த்தது அதுவரை நடந்ததில்லை.

தண்ணீர் கொதிப்பதற்குச் சற்று முன்னால், நடுவிலிருந்த வட்டம் மெல்ல விலகியது. சத்தமே இல்லை. தூக்கத்திலிருந்து யாரோ கண்ணைத் திறப்பது போல ஒரு பிறை தெரிந்தது, பிறை அகன்றது.

"தெறந்துருச்சு" என்றேன் நான், குசுகுசுவென்று.

"ம்" என்றார். "இப்ப அடுப்ப அமத்து. மூடுதான்னு பாக்கோணும்."

மூடியது. இன்னொரு தடவை பார்க்கலாமா என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார்.

அன்று மாலையே வால்வை மாட்டினேன். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் அவர் சொல்லித் தெரியக்கூடியதாக இல்லை. கடைசியில் அவர் தன் கையை என் கைமேல் வைத்து ஸ்பேனரைத் திருப்பினார். "இதுக்கு மேல வேண்டா" என்ற இடம் எனக்கும் தெரிந்தது. கூலண்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓடவிட்டோம். உள்ளே அடைபட்ட காற்று குமிழி குமிழியாக வந்து உடைந்தது. முள் எழும்பியது. நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. குமிழ் சிவப்பில் இருந்தது. நான் உள்ளே உட்கார்ந்து காற்று வருகிற இடத்தில் கையை வைத்திருந்தேன். முதலில் புழுக்கம் போல ஒரு காற்று, அப்புறம் வெப்பம். இஸ்திரி போட்ட சட்டையை முகத்தில் வைத்த மாதிரி. அந்த மாலை கீழே அவ்வளவு குளிரில்லை, எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் கண்ணாடியை இறக்காமல் கதவையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மறு பக்கக் கதவைத் திறந்து ஏறி, இரண்டு கையையும் அந்தக் காற்றில் நீட்டினார்.

"சுடுதா?" என்றேன்.

"மணிக்கட்டுல சுடுது" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "விரல்லயும் என்னமோ ஊர்ற மாதிரி இருக்குது" என்றார்.

அந்த வாரமே அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவர் விரல்களைக் குளிர்ந்த நீரில் வைத்துப் பார்த்தார். ஊசியால் தொட்டுப் பார்த்தார். நடுங்குகிற மெஷினைப் பிடித்தே வேலை செய்கிறவர்களுக்கு வருவது, ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்து கெட்டிருக்கின்றன என்றார். முழுக்கச் சரியாகாது. குளிர் படாமல் பார்த்துக்கொண்டால் மேலும் மோசமாகாமல் இருக்கும். பீடியை விட வேண்டும். குளிரில் வண்டி ஓட்டக் கூடாது. கடைசிச் செய்தியை டாக்டர் சொன்னபோது என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் நான் சொன்னேன்: "நான் ஓட்டுறேன். நீங்க கூட வாங்க."

எனக்கு லைசென்ஸ் இருந்தது. எப்போதோ எடுத்தது. டவுன் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன், மலையில் ஓட்டியதில்லை. இரண்டு நாள் அவர் பேச்சே குறைந்துவிட்டது. பழையபடி நாற்காலி விளிம்புக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலை, பால் வாங்கி வந்தவர் வாசலிலேயே நின்று, "பொங்கலுக்கு முன்னால ரெண்டு நாளு, வெயில் ஏறுனப்பறம் மலையில ஓட்டிப் பழகிக்கலாம். இறங்கறப்ப ரெண்டாங் கியர்லயே வரோணும். அதுமட்டும் கேட்டயினா வாரேன்" என்றார்.

கேட்டேன். பொங்கல் வரை பள்ளிக்குப் பழையபடி பஸ்ஸில் போனேன், சனி ஞாயிறு இரண்டு நாள் மலையில் ஓட்டிப் பழகினேன். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலிக்கிறது என்று ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த நாள் நல்ல பனி. சோதனைச் சாவடி வரைக்கும் வானம் இருந்தது; அப்புறம் இல்லை. குமிழைச் சிவப்புக்குத் திருகினார். முள் நடுவில் நின்றது. முன் கண்ணாடியில் கீழே இரண்டு மூலைகளில் முதலில் தெளிவு வந்தது. அது மெல்ல மேலே ஏறி, நடுவில் சேர்ந்து, எனக்குச் சாலை முழுதாகக் கிடைத்தது. துணியை அவர் மடியில் வைத்திருந்தார். எடுக்கவே இல்லை.

ஏழெட்டு வளைவு வரைக்கும் "ஹாரன் அடி", "இப்ப கியர மாத்து" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு சத்தமில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கையையும் சூட்டுக் காற்றுக்கு எதிரே வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தார். விரல்கள் கை நிறத்திலேயே இருந்தன. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வளைவுகளில் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் வந்தது. அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் இருக்கிற மழைக்காலத்தில்கூட, எதற்கோ கூப்பிடுவார்கள் என்பது போல விழித்துக்கொண்டேதான் கிடப்பார். நான் வண்டி குலுங்காமல் கியரை மாற்றினேன். வெளியே வெள்ளைக்குள்ளிருந்து மரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மிளகுக் கொடி சுற்றிய தண்டுகள், ஈரச் சுவர், யாருடையதோ ஒரு வேலி. இந்தப் பாதையில் இத்தனை இருக்கிறது என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். உள்ளே அடுப்படி மாதிரி கதகதப்பாக இருந்தது. இப்படியே இன்னும் கொஞ்ச தூரம் மலை இருந்தால் நன்றாயிருக்கும் என்றிருந்தது.

பள்ளி வாசலுக்கு வந்தபோது மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. எஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வார் என்று ஓடவிட்டபடியே என் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். தலைமையாசிரியை சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து, குனிந்து, "என்ன டீச்சர், இறங்கலையா? சாருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. தூங்குறாரு" என்றேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்."

தலைமையாசிரியை உள்ளே எட்டிப் பார்த்தார். சூடான காற்று முகத்தில் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை ஜன்னல் இடுக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் காய்ந்தார். பிறகு சத்தமில்லாமல் நடந்து போய், பிரேயருக்கு வரிசை சேரத் தொடங்கியிருந்த பிள்ளைகளை மைதானத்தின் மறு பக்கத்துக்கு நகர்த்தி நிறுத்தினார்.